உள்ளங்காலுக்கு வைக்கும் ஆப்பு

இணையச் சந்தையைத் திறந்தால் பாத வளைவைத் தாங்கும் இன்சோல்கள் இப்போது விதவிதமாகக் கிடைக்கின்றன. ஷூவோடு வரும் சாதாரண அட்டைத் தகடு போன்றவை அல்ல இவை. உள்ளங்கால் குழிவுக்கு ஏற்ற மேடு நடுவில் இருக்கும். குதிகால் அமர ஒரு கிண்ணம் இருக்கும். அடிப்பக்கத்தில் ஒட்டவும் பிரிக்கவும் தோதாகச் சின்னச் சின்ன ஆப்புகள் தருகிறார்கள். கால் உள்பக்கம் சாய்ந்தால் உள்பக்கம் ஓர் ஆப்பு, வெளிப்பக்கம் சாய்ந்தால் வெளிப்பக்கம் ஓர் ஆப்பு, ஒரு கால் குட்டையாக இருந்தால் குதிகாலுக்கு அடியில் ஓர் அடுக்கு. உயரம் போதவில்லை என்றால் இன்னொன்று சேர்க்கலாம்; உறுத்தினால் ஒன்றை எடுத்துவிடலாம். நல்ல பொருள்தான். ஆனால் இந்த விளம்பரங்களில் வரும் கால்களைப் பாருங்கள். பூங்காவில் ஓடுகிற கால் வரும், அலுவலகத் தரைவிரிப்பில் நடக்கிற கால் வரும். விடியற்காலை 6 மணிக்கு மஸ்டர் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி, பகல் முழுக்க நின்றும் நடந்தும் குப்பை அள்ளுகிற கால் ஒன்றுகூட வருவதில்லை.

'ஆப்பு வைப்பது' என்றால் என்னவென்று தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பாதத்தைக் காக்கும் ஆப்பு ஒரு கூட்டத்துக்கும், பிழைப்பைக் கெடுக்கும் ஆப்பு இன்னொரு கூட்டத்துக்கும் என்று பிரிந்து கிடப்பதில் சாதிக்குப் பெரும் பங்கு இருக்கிறது. செருப்புத் தைக்கும் வேலையை ஒரு மக்களின் தலையில் கட்டி, அதே மக்களைச் செருப்புப் போடக்கூடாது என்று தடுத்து, அவர்கள் கையில் இருந்த அறிவை அறிவென்றே கணக்கில் சேர்க்காத சமூகம் இது. இன்று அதே அறிவு வேறு பெயரில், வேறு விலையில், வேறு கால்களுக்கு விற்கப்படுகிறது.

பாதத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். இவை தட்டையாக அடுக்கப்படவில்லை. உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, குறுக்கே ஒன்று என மூன்று வளைவுகளாக நிற்கின்றன. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் போல அது உட்பக்க வளைவை இழுத்துப் பிடிக்கிறது. கடினமான தரையில் பல மணி நேரம் நின்றால் இந்தப் பட்டை குதிகாலோடு சேரும் இடத்தில் நைந்துபோகும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஊசி குத்துவதுபோல் வலிப்பது பெரும்பாலும் இதனால்தான். உட்பக்க வளைவு தாழ்ந்தவர்களுக்குக் கணுக்கால் உள்ளே சாயும். அந்தச் சாய்வு முழங்காலையும் தொந்தரவு செய்யலாம். வளைவுக்கு அடியில் ஒரு மேடு வைத்தால் எடை பாதம் முழுக்கப் பரவும். சாய்கிற பக்கம் ஓர் ஆப்பு வைத்தால் சாய்வு குறையும். இன்சோலின் தத்துவம் மொத்தமும் இவ்வளவுதான்.

அப்படியானால் யாருக்கு இது முதலில் கிடைக்க வேண்டும்? நிற்பதையே வேலையாகக் கொண்டவர்களுக்கு. தூய்மைப் பணியாளர்கள், துணிக்கடைப் பெண்கள், பனியன் கம்பெனித் தொழிலாளர்கள், கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர்கள். இவர்களில் தூய்மைப் பணியாளர்களைப் பற்றி நான் கூடுதலாகப் பேசக் காரணம் உண்டு. நான் ஓர் அருந்ததியர் குடும்பத்தில் பிறந்தவன். என் அம்மா மேற்கு மாவட்ட நகரம் ஒன்றில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். உழைப்பு உடலில் விட்டுச் செல்லும் தடங்களைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வும். அம்மாவோடு வேலை செய்யும் பெண்களிடம் பேசும்போது கூலி, மேஸ்திரி, பி.எஃப். பிடித்தம் இவற்றுக்கு அடுத்து வரும் பேச்சு கால்தான். "குதிகாலு தரையில ஊன முடியல கண்ணு" என்று சொல்லாதவர் அரிது.

அம்மாவை ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் நன்றாகவே பார்த்தார். குதிகால் நார்ப்பட்டையில் அழற்சி, பாத வளைவும் தாழ்ந்திருக்கிறது என்றார். உட்பக்கம் ஆப்பு வைத்த இன்சோல் அளவெடுத்துச் செய்ய 3,500 ரூபாய் ஆகும் என்று சீட்டு எழுதினார். அது அம்மாவுக்கு ஏறக்குறைய ஒரு வாரக் கூலி. போகட்டும், கடன் வாங்கியாவது செய்துவிடலாம். அதை எதற்குள் வைப்பது? வீட்டில் இருப்பது ரப்பர் செருப்பு. வேலைக்கு ஒப்பந்தக்காரர் கொடுத்திருப்பது ஆண் காலுக்கு அளவெடுத்த கம்பூட்ஸ். அம்மாவின் கால் அதற்குள் முன்னும் பின்னும் வழுக்குகிறது. அதில் இன்சோலைப் போட்டால் அதுவும் சேர்ந்து வழுக்கும். தண்ணீர் புகுந்தால் ஊறிக் கிழியும். "நிற்கிறதைக் குறைச்சுக்கோங்கம்மா" என்று மருத்துவர் சொன்னதற்கு அம்மா சிரித்துவிட்டு வந்தார். இன்சோல் சந்தை ஒன்றைக் கேட்காமலேயே முடிவு செய்து வைத்திருக்கிறது: வாங்க வருகிறவரிடம் ஏற்கெனவே நல்ல ஷூ ஒன்று இருக்கும் என்று.

விலை என்ற சாக்கு எந்த அளவுக்கு நிற்கும் என்று பார்ப்போம். 1999இல் அமெரிக்காவில் குதிகால் வலி உள்ள 236 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் தசையை நீட்டும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். சிலருக்குப் பயிற்சி மட்டும். சிலருக்குக் கடையில் கிடைக்கும் சிலிக்கான், ரப்பர், ஃபெல்ட் துண்டுகள். சிலருக்கு அளவெடுத்துச் செய்த விலை கூடிய இன்சோல். 8 வாரம் கழித்துப் பார்த்தபோது, சிலிக்கான் துண்டு பெற்றவர்களில் 95 சதவீதம் பேருக்கும், ரப்பர் துண்டு பெற்றவர்களில் 88 சதவீதம் பேருக்கும் வலி குறைந்திருந்தது. அளவெடுத்துச் செய்ததைப் பெற்றவர்களில் 68 சதவீதம்தான். 2006இல் ஆஸ்திரேலியாவில் 135 பேரிடம் நடத்திய இன்னோர் ஆய்வு, இன்சோல்களால் தொடக்கத்தில் சிறிது நன்மை கிடைத்தாலும் ஓராண்டு முடிவில் வேறுபாடு தெரியவில்லை என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்கு இரண்டு செய்திகள். ஒன்று, சாதாரணக் குதிகால் வலிக்கு ஒரு ரப்பர் துண்டே பெரிய உதவி. நகராட்சிக்கு அது ஒரு செலவே இல்லை. இரண்டு, இன்சோலை மட்டும் கொடுத்துவிட்டு அதே எட்டு மணி நேரம் நிற்கவைத்தால் அதுவும் கைகொடுக்காது.

அந்த ரப்பர் துண்டு எனக்குப் புதிதல்ல. என் தாத்தா பேருந்து நிலையத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் செருப்புத் தைத்தவர். செருப்பைக் கையில் வாங்கியதும் அதைத் திருப்பி அடிப்பாகத்தைத்தான் முதலில் பார்ப்பார். குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்வது எல்லோருக்கும் இயல்பு. உள் ஓரம் அதிகமாகத் தேய்ந்திருந்தால், "உங்க காலு உள்ள சாயுதுங்க, முட்டி வலிக்குமே" என்பார். பழைய டயரிலிருந்து ஒரு துண்டை அறுத்து, கத்தியால் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் கூர்மையாகவும் சீவி, சொல்யூஷன் தடவி ஒட்டி, ஓரத்தில் இரண்டு தையல் போட்டுக் கொடுப்பார். ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார். உறுத்துகிறது என்றால் சீவிக் குறைப்பார். போதவில்லை என்றால் இன்னொரு துண்டு ஏற்றுவார். இன்றைய 'மாற்றியமைக்கத்தக்க ஆப்பு' இதுதான். அவரிடம் இந்த வேலையை வாங்கிப் போனவர்கள் அவரை "ஏம்பா" என்று அழைத்தார்கள். பள்ளிக்கூடப் பையன்கூட "நீ" என்றுதான் பேசுவான். காசைக் கையில் கொடுக்காமல் சாக்குமேல் போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. ஒருவர் காலைப் பார்த்து முழங்கால் வலியைச் சொன்ன அறிவு, அவர்கள் கண்ணில் அறிவாகப் படவில்லை.

இன்று இதே வேலைக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. கால், கை தாங்கிகள் செய்யும் தொழில் 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவு இல்லாமல் மறுவாழ்வு வல்லுநராகத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. உணர்ச்சியற்ற காலில் தவறாக வைத்த மேடு புண்ணாகி, விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். உடற்கூறு படித்தவர் தேவை, பதிவும் தேவை. என் கேள்வி வேறு. காலங்காலமாகப் பாதத்தைப் பார்த்துப் பழகிய கைகளுக்கு இந்தப் பட்டப்படிப்பின் கதவு ஏன் திறக்கப்படவில்லை? அறிவு தீண்டத்தகாதவரின் கையில் இருக்கும்வரை 'கைவேலை'. வெள்ளைக் கோட்டுக்கு மாறிய பிறகு 'அறிவியல்'. இடையில் மாறியது என்ன என்று கேட்டால் சாதி என்ற பதிலைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்?

இரண்டும் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் கை கால்கள் அழுகி விழுவதில்லை என்று எடுத்துக்காட்டினார். நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், அழுத்தமும் காயமும் திரும்பத் திரும்ப ஏற்பட்டுத்தான் பாதம் அழிகிறது என்றார். அதற்கு மருந்து செருப்பு. வேலூரிலும் 1955இல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் ஆய்வு மையத்திலும் இதற்கான வேலை நடந்தது. உள்ளே மென்மையான நுண்துளை ரப்பர். அடியில் முள்ளும் கண்ணாடியும் ஏறாத கெட்டி ரப்பர். ஆணியே கூடாது, ஏனென்றால் குத்தினாலும் அந்தக் காலுக்குத் தெரியாது. தேவைப்பட்டவர்களுக்கு வளைவுத் தாங்கியும், விரல்களின் அடியிலிருந்து எடையை நகர்த்தும் மேடும் வைத்தார்கள். மருத்துவமனைக்குள்ளேயே செருப்புப் பட்டறை இருந்தது. செருப்பு செய்பவர் மருத்துவக் குழுவில் ஒருவரானார். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கிறார்களே, அது ஊரே ஒதுக்கிவைத்த தொழுநோயாளிக்காகச் செய்யப்பட்ட செருப்பின் வழித்தோன்றல்.

இந்த இடத்தில் ஒரு குரல் எழும். "நம் முன்னோர் வெறுங்காலோடு நடந்தார்கள், அவர்களுக்கு என்ன குதிகால் வலி வந்தது? ஷூதான் காலைக் கெடுக்கிறது." கையில் ஆய்வும் வைத்திருப்பார்கள். உண்மையான ஆய்வுதான். 1992இல் மணிப்பால் பகுதி மருத்துவர்கள் ராவ், ஜோசப் இருவரும் 4 முதல் 13 வயதுவரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களைப் பார்த்து எழுதியது. காலணி அணிந்த குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்கும் வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. மூடிய ஷூவைச் சின்ன வயதிலேயே மாட்டிவிட வேண்டாம் என்பது இதிலிருந்து பெற்றோர் கற்க வேண்டிய பாடம். வெறுங்கால் ஒரு பண்பாட்டுப் பெருமை என்று முடிவு கட்ட இதில் எதுவும் இல்லை.

ஏனென்றால் இந்த நாட்டில் வெறுங்கால் எல்லோருக்கும் ஒரே வெறுங்கால் அல்ல. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது விதித்த எட்டுத் தடைகளை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். எட்டாவது தடை: வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பும் அணியக் கூடாது. வளைவு நன்றாக வளரட்டும் என்ற அக்கறையிலா அதை விதித்தார்கள்? அது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தியபோது, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் காலணி அணிவதைத் தடுப்பதைத் தனிக் குற்றமாக எழுத வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பகுதியில் ராஜாவூர் என்ற கிராமத்தில் சுமார் 60 தலித் மக்கள் ஆதிக்கச் சாதித் தெருவில் செருப்போடு நடந்தது செய்தியானது. ஒரு தெருவில் செருப்போடு நடப்பது செய்தியாகிற நாட்டில், செருப்புக்குள் வைக்கும் வளைவுத் தாங்கியைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம்போலத் தோன்றலாம். ஆனால் செருப்பு அணியும் உரிமையை வென்றவர்களுக்கு நல்ல செருப்பு அணியும் உரிமை இல்லை என்று யார் சொன்னது?

கொஞ்சம் யோசித்தால் இந்தச் சமூகத்துக்குப் பாதத்தின்மீது வெறுப்பு கிடையாது. இராமனின் பாதுகையை அரியணையில் வைத்துக் கும்பிட்ட கதையைக் கொண்டாடுகிறது. பெருமாள் பாதம் என்று சடாரியைத் தலைமேல் வாங்கிக்கொள்கிறது. குருவின் காலில் விழுகிறது. உழைக்கிற பாதமும் அந்தப் பாதத்துக்குச் செருப்புத் தைக்கிற கையும்தான் அதற்குத் தீட்டு.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். தாத்தாவின் திறமையைப் பற்றி எழுதியதும், "அப்படியானால் அந்தக் குடும்பங்களுக்கே பயிற்சி கொடுத்து அந்தத் தொழிலை வளர்க்கலாமே" என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்கள் வருவார்கள். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தைப் பெரியார் ஏன் எதிர்த்தார் என்பதை மறந்தவர்கள் அவர்கள். 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் செருப்புத் தொழிலும் உண்டு. விண்ணப்பிப்பவரின் குடும்பம் பரம்பரையாக அந்தத் தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கும்படி தமிழ்நாடு அரசு கேட்டது. ஏற்கப்படாததால் 2024 நவம்பரில் அத்திட்டத்தை இப்போதைய வடிவில் செயல்படுத்த முடியாது என்று அறிவித்தது. சரியான நிலைப்பாடு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் செருப்புத் தைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. செருப்பு, இன்சோல், பாதத் தாங்கி செய்யும் வேலை யார் வேண்டுமானாலும் படித்துச் செய்யக்கூடிய, மரியாதையும் சம்பளமும் உள்ள மருத்துவ வேலையாக வேண்டும். ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருப்பவர்கள் அதற்குள் நுழைய வழி வேண்டும். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

ஆகவே தூய்மைப் பணியாளர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில், நிரந்தரப் பணி, கூலி உயர்வு ஆகியவற்றோடு இவற்றையும் சேர்க்க வேண்டும் என்று தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, அளவு. பணியாளர் ஒவ்வொருவரின் பாதத்தையும் நீளத்திலும் அகலத்திலும் அளந்து, பெண்களுக்குப் பெண்களின் அளவில் காலணி தர வேண்டும். சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையில் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் பாதங்களை அளந்து, நம் பாதங்கள் ஐரோப்பியப் பாதங்களைவிட அகலமானவை என்று கண்டது. 'பா' என்ற இந்திய அளவுமுறையே அதிலிருந்துதான் உருவானது. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் வெளிநாட்டுக் கால்களுக்கு அச்சு மாறாமல் ஷூ செய்து அனுப்பும்போது, பக்கத்து நகரத்துத் தூய்மைப் பணியாளருக்கு அளவான பூட்ஸ் செய்யத் தெரியாதா?

இரண்டாவது, அந்தக் காலணிக்குள் கழுவி உலர்த்தக்கூடிய வளைவுத் தாங்கி இன்சோல். ஆளுக்கு இரண்டு ஜோடி. ஒன்று காயும்போது ஒன்றைப் போட. நுரை அமுங்கித் தட்டையானதும் மாற்றித்தர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சீருடையோடு கொடுத்துக் கணக்கு முடிக்கக் கூடாது.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை. ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது சில நிமிட வேலை. சர்க்கரை நோய் உள்ளவர்கள், கால் மரத்துப்போனவர்கள் கடையில் விற்கும் கெட்டியான வளைவுத் தாங்கியைத் தாங்களாக வாங்கி வைக்கக் கூடாது. மருத்துவரிடம் காட்டிவிட்டு மென்மையான எம்.சி.ஆர். வகையைத்தான் கேட்க வேண்டும். இதைப் பணியிடத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

நான்காவது, உட்காரும் உரிமை. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டமாக்கினோம். தெருவில் நிற்பவருக்கு அது எட்டவில்லை. வார்டுதோறும் நிழலும் இருக்கையும் தண்ணீரும் உள்ள ஓய்விடமும், அங்கே உட்கார வேலை நேரத்துக்குள்ளேயே இடைவெளியும் வேண்டும். நிற்கும் நேரம் குறையாமல் எந்த இன்சோலும் முழுதாக உதவாது.

ஐந்தாவது, மாவட்ட அரசு மருத்துவமனைகளில் காலணிப் பிரிவு. அங்கே செருப்புத் தொழிலாளர்களின் அனுபவத்தைக் கணக்கில் எடுத்து, உதவித்தொகையோடு உடற்கூறும் நோயறிவும் கற்பித்து, முறையான சான்றிதழும் அரசு வேலையும் தர வேண்டும். குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இருக்கக் கூடாது. பதிவு பெற்ற வல்லுநர்களுக்கான பட்டப்படிப்பிலும் பணியிடங்களிலும் 2009இல் பெற்ற 3 சதவீத அருந்ததியர் உள்ஒதுக்கீடு உட்பட இடஒதுக்கீடு முழுமையாக நிரப்பப்படுகிறதா என்று கண்காணிக்க வேண்டும். செருப்பை அறிந்த வீட்டிலிருந்து ஒரு பெண் அந்தப் பிரிவின் தலைவராக வருவதும், அந்த வீட்டோடு தொடர்பே இல்லாத சாதியில் பிறந்த பையன் அங்கே குத்தூசி பிடிப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

அம்மா இப்போது குதிகாலுக்கு அடியில் துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். மாநகராட்சியும் ஒப்பந்தக்காரரும் அடுத்த ஆண்டுக்கான பாதுகாப்புக் கருவிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, 'கம்பூட்ஸ், ஒரு ஜோடி' என்ற வரியோடு நிறுத்தாமல் அளவு, அகலம், வளைவுத் தாங்கி, மாற்றும் காலம் ஆகிய நான்கையும் எழுதவைப்பது நம் கையில் இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி வெளிவரும் முன்பே சங்கத்தின் மனு அவர்கள் மேசைக்குப் போய்ச் சேரட்டும்.